கதை சொன்ன கோதை

குற்றாலத்து மலையிலே பிறந்து இறங்கிவரும் சிற்றாறு, அனுமன் நதியையும் தன்னோடு அணைத்துக்கொண்டு செல்லும் இடத்தில் இருக்கிறது வீரகேரளம்புதூர். இன்று தென்காசி மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். அன்று ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். இருதயாலய மருதப்பத் தேவர் காலத்தில், காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த ஜமீனின் அவையிலேதான் இருந்தார். புலவன் பாடினான், ஜமீன்தார் கேட்டார். பிடித்தால் பரிசு, பிடிக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இலக்கியம் என்றால் அரண்மனைக்குள் நடப்பது. வயலிலே நின்றவனுக்கு அதில் பங்கில்லை. நல்லவேளையாகச் சிந்து மட்டும் மதில் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே, எழுதுகிறவனுக்குச் சோறு போடும் வேலையை ஜமீன்தார்களின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட வேறொரு கூட்டம் உண்டு. காலணா, அரையணா சேர்த்து வைத்து, மாதம் ஒரு நாவல் வாங்கிப் படித்த கூட்டம்! அந்தக் கூட்டத்தின் தலைவி என்று சொல்லத்தக்க ஓர் அம்மையாரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

எழுதத் தூண்டியதும் வீரகேரளம்புதூர்தான். கூட்டம் ஒன்றுக்காக அங்கே சென்றிருந்தபோது, ஒரு தோழரின் வீட்டிலே பகல் உணவு. திண்ணையிலே நான்கைந்து பெண்கள். மடியிலே பீடித்தட்டு. கை இலையை வெட்டுகிறது, தூளை வைக்கிறது, சுருட்டுகிறது, நூலைக் கட்டுகிறது. கண் அதைப் பார்ப்பதேயில்லை. காது மட்டும் வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்று பார்த்தால், பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமி பழுத்துப்போன ஒரு புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். தோழரின் ஆச்சி வைத்திருந்த புத்தகமாம் அது. ஆச்சிக்கு அவர் தாயார் கொடுத்தாராம். அட்டை இல்லை. முதல் பக்கம் இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை! எழுதியவர் யார் என்று ஆச்சிக்குத் தெரியாது. கதை முடிவு எப்படி என்றும் தெரியாது. அதனாலென்ன? ஒவ்வொரு முறையும் ஒரு முடிவை ஆச்சியே சொல்லிவிடுவாராம். போன தடவை கெட்டவன் தூக்கிலே தொங்கினான், இந்தத் தடவை திருந்திவிட்டான்!

துப்பறிய வேண்டிய வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பெரிய துப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. பழைய நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் உச்சியிலே கதையின் பெயரை அச்சிடுவார்கள். ‘ராதாமணி’ என்றிருந்தது. எழுதியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். மூன்று தலைமுறையாக ஒரு வீட்டிலே கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், பெயர் சொல்லாமலே!

யார் இந்த அம்மையார்?

1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தவர். வைணவக் குடும்பம். ஒரு வயது நிரம்பும்போதே தாயை இழந்தார். பாட்டியும் உறவினரும் வளர்த்தார்கள். ஐந்தரை வயதிலே, ஆம் தோழர்களே, ஐந்தரை வயதிலே, 1907ல் திருமணம்! மாப்பிள்ளை வை. மு. பார்த்தசாரதிக்கும் பள்ளிக்கூட வயதுதான். பல் விழுந்து முளைக்கும் பருவத்திலே கழுத்திலே தாலி. அக்காலத்தில் அது குற்றமில்லை, பெருமை! பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது ஆகவேண்டும் என்று சொல்ல 1929ஆம் ஆண்டு சாரதா சட்டம் வரவேண்டியிருந்தது. அதையும் சாத்திரத்துக்கு விரோதம் என்று கூவியவர்கள் எத்தனை பேர்!

புகுந்த இடம் சென்னைத் திருவல்லிக்கேணி. ‘வை. மு.’ குடும்பம் தமிழறிந்தவர்களுக்குத் தெரிந்த குடும்பம். கம்பனுக்கு உரை எழுதிய வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் பிறந்த குடும்பம் அது. வீடு நிறையப் புலமை. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். காதால் கேட்ட பாசுரங்களும் கதைகளும்தான் அவருடைய கல்வி. பள்ளி எதற்குப் பெண்ணுக்கு என்று கேட்ட அதே சமுதாயம், பெண் வாய்திறந்து கதை சொன்னால் மட்டும் உட்கார்ந்து கேட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடினார்கள், பெண்கள் கூடினார்கள். சொன்ன கதையையே திருப்பிச் சொல்லாமல் புதிது புதிதாகக் கட்டிச் சொன்னார் கோதை. நம் வீரகேரளம்புதூர் ஆச்சியைப் போல!

கணவர் நல்ல மனிதர். நாடகம் பார்க்க மனைவியை அழைத்துச் செல்வார். மனைவி தெருவிலே நடந்தாலே குற்றம் என்ற காலத்தில், கொட்டகைக்கு அழைத்துச் சென்று பக்கத்திலே உட்கார வைத்த அந்தத் துணிவை நான் சிறிதாக எண்ணமாட்டேன். பார்த்த நாடகங்கள் மனத்திலே ஊறின. தாமும் ஒரு நாடகம் செய்யவேண்டும் என்று தோன்றிற்று. தோன்றியது சரி, எழுதுவது எப்படி? எழுதத்தான் தெரியாதே!

பட்டம்மாள் என்று ஒரு தோழி. கோதை சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 1924ல் ‘இந்திர மோகனா’ என்ற அந்த நாடகம் அச்சேறிற்று. பிறகு அதே தோழியிடம் எழுதக் கற்றுக்கொண்டார் ஆசிரியை. முதலில் நூல், அதன் பிறகு அரிச்சுவடி! தமிழிலே வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

இங்கே அக்காலத்து நாவல் சந்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மையாரின் வேலை விளங்காது. மூவர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. முதல்வர் ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆனந்தபோதினி’யின் ஆசிரியர். ஆங்கிலக் கதைகளைத் தமிழ்நாட்டு உடை உடுத்தி அழைத்துவந்தவர்; லண்டன் நகரத்து ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையிலே ஆனந்தசிங் ஆனான். 1925ல் மறைந்தார். இரண்டாமவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’, ‘திகம்பர சாமியார்’ என்று அடுக்கியவர். 1950ல் வந்த ‘திகம்பர சாமியார்’ படத்திலே நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மூன்றாமவர் நம் நெல்லைச் சீமைக்காரர், பாளையங்கோட்டையிலே 1875ல் பிறந்த ஜே. ஆர். ரங்கராஜு. ‘ராஜாம்பாள்’ எத்தனையோ பதிப்பு ஓடிற்று. துப்பறியும் கோவிந்தன் என்றால் அன்று கொலைகாரனுக்கு மட்டுமல்ல, படிக்கிறவனுக்கும் நெஞ்சு படபடக்கும். ‘சந்திரகாந்தா’வில் மடத்துத் தலைவன் ஒருவனின் லீலைகளை அவர் கிழித்துக் காட்டினார், நாடகமாகவும், 1936ல் படமாகவும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள் மக்கள். பகுத்தறிவு மேடை ஊருக்கு ஊர் எழாத காலத்திலே, அரையணாக் கதை செய்த வேலை அது. இதை நாம் மறக்கக்கூடாது.

இவர்கள் எல்லோருக்கும் பின்னாலே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார்: ரெயினால்ட்ஸ். 1814ல் பிறந்து 1879ல் இறந்தவர். லண்டன் மாநகரத்து மர்மங்களை வாரம் ஒரு பென்னிக்கு விற்றவர். மர்மக் கதை எழுதியவர்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாட்டாளிக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கிளர்ந்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் தலைவர்களிலே ஒருவர். 1848ல் டிரபால்கர் சதுக்கத்துக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். 1850ல் உழைப்பாளருக்கென்றே செய்தித்தாள் தொடங்கியவர். நம் மறைமலையடிகளே இவர் கதை ஒன்றைத் தழுவித்தான் ‘நாகநாட்டரசி’ எழுதினார். ஆனால் தமிழுக்கு வந்தபோது ரெயினால்ட்ஸின் மர்மம் வந்தது, கொலை வந்தது, மாறுவேடம் வந்தது. அவருடைய தொழிலாளி மட்டும் கப்பல் ஏறவில்லை! அது நம் எழுத்தாளர்களின் குறை.

சரி, கோதைநாயகிக்கு வருவோம். ‘வைதேகி’ என்று முதல் நாவல் எழுதினார். அதைப் பார்த்து ஊக்கம் கொடுத்தவர் வடுவூரார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற திங்களிதழை வாங்கி நடத்துங்கள் என்று வழிகாட்டியவரும் அவரே. தாமே நாவல் எழுதி விற்றுப் பிழைப்பவர். தம் கடைக்கு எதிரே இன்னொரு கடை போடச் சொல்லிக் கொடுக்கிறார்! எழுத்தாளர் உலகிலே ஒருவர் நூலை இன்னொருவர் பாராட்டுவது எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1925ல் ‘ஜகன்மோகினி’ கோதைநாயகியின் கைக்கு வந்தது. ‘வைதேகி’ அதிலே வெளிவந்தது. வந்ததும் கிளம்பிற்று கூக்குரல். குடும்பப் பெண்ணாவது, நாவலாவது! காதல், கள்ளன், கொலை, துப்பறிவு என்று ஒரு பெண் எழுதுவதா? பெயருக்குத்தான் அவள், எழுதுவது கணவன் என்றனர் சிலர். கெட்டழிந்தாள் என்றனர் சிலர். அதே ஆண்டுகளிலே இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி என்ற பெண்மணி, 1920ல் முதல் நூலை வெளியிட்டு, கொலைக் கதைகளாக எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். அவரும் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர்தான். அவரை உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடிற்று. இவரைத் திருவல்லிக்கேணி திண்ணை ஏசிற்று.

ஏச்சுக்கு அஞ்சினாரா? முப்பத்தைந்து ஆண்டு இதழ் நடத்தினார்! 115 நாவல்கள் எழுதினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு மூன்றுக்கு மேல். அதற்கிடையே இதழின் வேலை, அச்சகத்து வேலை, வீட்டு வேலை, நாட்டு வேலை. இரண்டாம் உலகப் போரின்போது குண்டு விழும் என்று சென்னை நகரமே மூட்டை கட்டியது. அம்மையார் சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போய் அங்கிருந்து இதழை நடத்தினார். காகிதப் பஞ்சத்தில் பெரிய முதலாளிகளே இதழ்களை மூடிய நாட்கள் அவை. ‘ஜகன்மோகினி’யில் தாம் மட்டும் எழுதவில்லை, வேறு பெண்களையும் எழுதத் தூண்டினார், எழுதியதை வெளியிட்டார். வடுவூரார் தமக்குத் திறந்த கதவைச் சாத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இவரிடம் மிகப் பிடித்த செய்தி.

நாட்டு வேலை என்றேன். காந்தியாரைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தியவர். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல். 1931-32ல் சிறை. வேலூர்ச் சிறையிலே உடனிருந்தவர்கள் எல்லோரும் தலைவர்களின் மனைவியரும் மகளிருமா? இல்லை. கொலை செய்தவள் இருந்தாள், திருடியவள் இருந்தாள், ஏன் வந்தோம் என்றே தெரியாதவள் இருந்தாள். அதுவரை கற்பனையிலே குற்றவாளிகளைப் படைத்தவர், இப்போது அவர்களோடு உட்கார்ந்து கூழ் குடித்தார். கதை சொல்லி வந்த கோதை முதன்முறையாகக் கதை கேட்டார் என்றே சொல்லவேண்டும். சிறையிலேயே ‘உத்தமசீலன்’, ‘சோதனையின் கொடுமை’ என்ற நாவல்கள் பிறந்தன. இதழ் நிற்கவில்லை, வெளியிலே கணவர் பார்த்துக்கொண்டார். பார்த்தசாரதி என்ற அந்த மனிதருக்குத் தமிழ் வாசகர்கள் ஒரு மாலை கடன்பட்டிருக்கிறார்கள்.

அவர் காங்கிரஸ் மேடையிலே முழங்கியவர். சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டவர். பாரதி பாடலைப் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போடுவார் என்பார்கள். அவர் வழி நம் வழியல்ல என்பதற்காக அவருடைய உழைப்பை மறைக்கவேண்டுமா? மறைப்பவன் நேர்மையற்றவன். அவருடைய கதைகளை முழுக்கப் புகழ்வதும் நேர்மையல்ல; அதையும் சொல்லிவிடுகிறேன். மிராசுதாரும் வக்கீலும் நீதிபதியும் உலவும் கதைகள் அவை. உழைப்பவன் கதவைத் திறந்துவிடவும் காப்பி கொண்டுவரவும்தான் வருகிறான். நடையிலே வடசொல் மண்டிக் கிடக்கிறது. காணாமற்போன பிள்ளை சரியான நேரத்திலே திரும்பி வருவான், கடவுள் தவறாமல் காப்பாற்றுவார். மணிக்கொடிக்காரர்கள் இவற்றை இலக்கியமென்றே ஏற்கவில்லை. ஏற்காமற்போகட்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம், பெண் படிக்கவேண்டும், குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதையெல்லாம், மேடையின் நிழல்கூடப் படாத சமையலறைக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது எது? இலக்கியமென்று ஏற்கப்பட்ட நூலா? அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தூங்கவிடாமல் செய்த இந்தக் கதைதான்! மணிக்கொடியை நானும் மதிப்பவன். ஆனால் திண்ணையிலே பீடித்தட்டோடு உட்கார்ந்தவர்களின் கைக்கு அது வந்ததாக நான் கண்டதில்லை.

திரைப்படக்காரர்களும் தேடி வந்தார்கள். 1938ல் ‘அனாதைப் பெண்’. இன்னும் சில. ‘தயாநிதி’ என்ற கதை அவர் மறைந்த பின்னர், 1966ல், பத்மினி நடித்து ‘சித்தி’ ஆயிற்று. மூத்தாள் பிள்ளைகளை வளர்க்க வந்தவளின் துயரத்தைக் கண்டு கொட்டகை கொட்டகையாக அழுதார்கள். எழுதியவர் யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

கடைசி ஆண்டுகள் கொடியவை. 1956ல் ஒரே மகன் இறந்தான். அதற்குப்பின் பழைய கோதைநாயகி இல்லை. காசநோய் வந்தது. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். அவரோடு ‘ஜகன்மோகினி’யும் மறைந்தது. ரங்கராஜு அதற்கு முந்திய ஆண்டுதான் போயிருந்தார். வடுவூரார் 1942லேயே போய்விட்டார். கடை வீதி முழுதும் அடைத்துவிட்டது போலாயிற்று.

இனி நம் வேலை. ஓர் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்துவிட்டால் அவர் நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பது சட்டம். கோதைநாயகியின் நாவல்களுக்கு அந்தக் காலம் 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே தலைவர்களின் படம் இருக்கிறது, நாளேடு இருக்கிறது, கேரம் பலகை இருக்கிறது. பெண்கள் வந்து எடுத்துப்போகும் புத்தகம் எத்தனை இருக்கிறது? படிப்பகத்து வாசலை மிதிக்கும் பெண்கள்தான் எத்தனை பேர்? நான் கேட்டபோது வீரகேரளம்புதூர்த் தோழர்கள் தலையைச் சொறிந்தார்கள். மற்ற ஊர்த் தோழர்களும் ஒருமுறை சொறிந்து பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், ‘சோதனையின் கொடுமை’யிலிருந்து தொடங்குங்கள்; சிறைக்குள்ளே எழுதியது. பிறகு ரங்கராஜுவின் ‘சந்திரகாந்தா’, நெல்லைக்காரர்களுக்கு இன்னும் ருசிக்கும். வடுவூராரில் ‘மேனகா’. மூன்றையும் ஒரு கையால் படித்து மறுகையால் சோறு உண்ணலாம். ஆனால் சோறு ஆறிப்போகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. ‘ராதாமணி’யின் பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால், கடைசிப் பக்கங்களை நகல் எடுத்து நம் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். வீரகேரளம்புதூர் ஆச்சியிடம் தேடித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆச்சி அதிலே அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டது அந்தச் சிறுமிதான்.